கரணை ஏந்திய ஆசான்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்வோர் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அருகே சுருள் வடிவில் எழும்பி நிற்கும் ஒரு செங்கல் கட்டடத்தைக் காண்பர். இந்தியன் காபி ஹவுஸ் என்னும் அந்த உணவகத்தில் தளம் ஒரே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே செல்கிறது. மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டவை. சுவரில் வரிசையாக விடப்பட்ட துளைகள் வழியே காற்றும் ஒளியும் வருகின்றன. பலரும் அதனை ஒரு வேடிக்கைக் கட்டடமாகவே பார்த்துச் செல்கின்றனர். அதனை வடிவமைத்த லாரி பேக்கர் ஒரு கட்டடக்கலைஞராகப் புகழ்பெற்றவர். அவர் ஒரு சிறந்த ஆசிரியரும் ஆவார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்; கொத்தனார்கள், சித்தாள்கள், தச்சர்கள். அவருடைய வகுப்பறை, பாதி எழும்பிய ஒரு சுவரின் ஓரம்.

கற்பிக்கும் முறை என்பது ஒருவர் நூலில் படித்துப் பெறுவது மட்டுமன்று. அவர் எங்கெங்கே வாழ்ந்தார், எந்த வேலையில் தோற்றார், யாரிடம் பணிந்து கற்றார் என்பனவெல்லாம் சேர்ந்து அதனை உருவாக்குகின்றன. பேக்கரின் வாழ்வில் இந்த உருவாக்கத்தைப் படிப்படியாகப் பின்தொடர முடிகிறது. ஆசிரியப் பணியில் இருப்போருக்கு அது பயன் தரும் ஒரு பாடம்.

மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி

பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை பயின்று 1937இல் தேர்ச்சி பெற்றார். இளமையிலேயே குவேக்கர் சமயப் பிரிவினரின் எளிமையும் அகிம்சையும் அவரைக் கவர்ந்தன. எனவே இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அப்பிரிவினர் நடத்திய ஆம்புலன்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. வீடு கட்டப் படித்த இளைஞர் அங்கே நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுக்கவும், தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்யவும் கற்றார்.

உடல்நலம் குன்றி நாடு திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது ஒரு குவேக்கர் நண்பர் மூலம் மகாத்மா காந்தியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. பேக்கர் அணிந்திருந்த காலணி பழந்துணியால் செய்யப்பட்டது, சீனாவில் பழகியது. காந்திஜியின் பார்வை முதலில் அந்தக் காலணியின் மீதுதான் சென்றதாகச் சொல்வதுண்டு. அந்தச் சந்திப்பில் காந்திஜி கூறிய ஒரு கருத்து பேக்கரின் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது. கிராமத்து வீடு அவ்விடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்பது அக்கருத்து.

இளம் பேக்கருக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாததாகவே தோன்றியது. மேலைநாட்டில் பிறந்து, மேலைநாட்டில் படித்த கட்டடக்கலைஞர் அவர். எஃகும் சிமெண்டும் இன்றிக் கட்டுவது எப்படி என்று எண்ணினார். பல ஆண்டுகள் கழித்தே காந்திஜி சொன்னது முற்றிலும் சரி என்பதை உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆசிரியரின் சொல் மாணவருக்கு உடனே விளங்கிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இங்கே அது விளங்க ஏறத்தாழ ஒரு வாழ்நாளின் பாதி தேவைப்பட்டது.

1945இல் பேக்கர் இந்தியா திரும்பினார். அவர் ஏற்ற பணி, தொழுநோயாளிகளுக்கான ஒரு சமயத்தொண்டு அமைப்பில் கட்டடக்கலைஞர் வேலை. அந்த ஆண்டுகளில் சல்ஃபோன் வகை மருந்துகள் வந்து தொழுநோய் சிகிச்சையையே மாற்றிக்கொண்டிருந்தன. நோயாளியை வாழ்நாள் முழுவதும் ஒதுக்கி வைத்திருந்த இல்லங்கள், சிகிச்சை அளித்து வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனைகளாக மாற வேண்டியிருந்தது. அந்தக் கட்டடங்களை மாற்றியமைக்க பேக்கர் வட இந்தியாவின் பல ஊர்களுக்குச் சென்றார். தம்முடன் கொண்டுவந்த கட்டுமான நூல்களைப் பிரித்துப் பார்த்தார். செம்மண்ணைப் பற்றியோ, சாணம் கலந்த பூச்சைப் பற்றியோ, கரையானைப் பற்றியோ, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையைப் பற்றியோ அவற்றில் உதவக்கூடியதாக எதுவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனாருக்கு இவையனைத்தும் தெரிந்திருந்தன. பட்டம் பெற்றவர் மாணவராகவும் பட்டமில்லாதவர் ஆசிரியராகவும் இடம் மாறிய தருணம் அது.

மலைக்கிராமத்தில் பதினைந்து ஆண்டுகள்

1948இல் பேக்கர், கேரளத்தைச் சேர்ந்த மருத்துவரான எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். மணமானபின் இருவரும் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகருக்கு நடைப்பயணம் சென்றனர். மருத்துவர் ஒருவர் வந்திருப்பதாகச் செய்தி பரவியதும் மலைக்கிராம மக்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினர். சில நாட்கள் தங்க வந்தவர்கள் 1963 வரை அங்கேயே தங்கிவிட்டனர்.

அந்த ஆண்டுகளே பேக்கரின் உண்மையான பல்கலைக்கழகம். மலைச்சரிவில் கல்லை அடுக்கி, மரச்சட்டத்தால் பிணைத்து, பலகைக்கல்லால் கூரை வேய்ந்த வீடுகளை அவர் நாள்தோறும் பார்த்தார். முதலில் அவை பழமையாகத் தெரிந்தன. கூர்ந்து நோக்கியபோது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. சன்னல் ஏன் சிறியது, மாட்டுத் தொழுவம் ஏன் தரைத்தளத்தில் இருக்கிறது, கூரை ஏன் அந்த அளவுக்கு மட்டும் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் குளிரும் மழையும் மலையின் அசைவும் விடையாக வந்தன. எத்தனையோ தலைமுறையினர் கட்டிப் பார்த்து, தவறியதைக் கைவிட்டு, தாக்குப்பிடித்ததை வைத்துக்கொண்டதன் விளைவே நாட்டு மரபுக் கட்டுமானம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்டச் சன்னல்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

எலிசபெத்தின் மருத்துவமனையில் பேக்கர் செவிலியராகவும் உதவியாளராகவும் வேலை செய்தார். இந்த அனுபவம் அவருடைய பிற்காலப் பழக்கம் ஒன்றில் வெளிப்படுகிறது என்று கருத இடமுண்டு. நல்ல மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதுமுன் நோயாளியிடம் பல கேள்விகள் கேட்பார். பேக்கரும் வீடு கேட்டு வந்தவரிடம், எத்தனை பேர் வசிப்பீர்கள், யார் சமைப்பார், குழந்தைகள் எங்கே படிப்பார்கள், உங்களிடம் உண்மையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றெல்லாம் விசாரித்த பிறகே பென்சிலை எடுப்பார். இடையில் ஒப்பந்தக்காரரை வைத்துக்கொள்ள அவர் விரும்பியதில்லை. வீட்டுக்காரர், கொத்தனார், தாம் ஆகிய மூவர் போதும் என்பது அவர் கருத்து.

இதே காலத்தில் லக்னோவில் வெல்தி ஃபிஷர் அம்மையார் முதியோர் கல்விக்காக நிறுவிய எழுத்தறிவுக் கிராமத்தின் கட்டடங்களையும் பேக்கர் வடிவமைத்தார். முதியோர் கல்வியில் எதிரே அமர்ந்திருப்பவருக்கு எழுத்து தெரியாதே தவிர உலகம் தெரியும். அவரைக் குழந்தையாக நடத்தினால் கல்வி நின்றுவிடும். பிற்காலத்தில் பேக்கர் கொத்தனார்களிடம் பேசிய தொனியில் இந்த மதிப்பு எப்போதும் இருந்தது.

திருவனந்தபுரத்தில் சுவரோரப் பள்ளி

பித்தோராகரை விட்டபின் கேரளத்தின் வாகமண் மலைப்பகுதியில் சில ஆண்டுகள் கழித்து, 1970ஐ ஒட்டி பேக்கர் குடும்பம் திருவனந்தபுரத்தில் குடியேறியது. அப்போது பேக்கருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பலர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயதில் அவருடைய மிகச் செறிவான பணிக்காலம் தொடங்கியது. 1971இல் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் உள்ளூர் வளாகம் அவர் பொறுப்பில் எழும்பியது. அன்றைய முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவும் அவருக்கு இருந்தது.

பேக்கருக்குப் பெரிய அலுவலகம் கிடையாது. உதவியாளர் படையும் கிடையாது. நாள்தோறும் கட்டுமான இடங்களுக்கு நேரில் செல்வார். வந்த கடிதத்தின் உறையைப் பிரித்து, அதன் பின்புறத்தில் வரைந்து காட்டுவார். வரைபடம் புரியவில்லை என்றால் தாமே கரணையை எடுத்துச் சில வரிசை கட்டிக் காட்டுவார். இந்த முறையின் ஆழத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறைகளுள் முதன்மையானது ‘எலிப்பொறிக் கட்டு’. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவோம். இந்த முறையில் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். சுவரின் உட்புறம் ஒரு கல், வெளிப்புறம் ஒரு கல், இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல் என்று கட்டிச் சென்றால் நடுவில் மூன்று அங்குல வெற்றிடம் அமையும். கொத்தனாரின் முதல் ஐயம் இயல்பானது: உள்ளே பொள்ளலாக இருக்கும் சுவர் பாரம் தாங்குமா? தலைமுறை தலைமுறையாகக் கனமே வலிமை என்று கற்றவர் அவர். சுவர் இடிந்தால் ஊரில் கெடுவது பொறியாளரின் பெயரன்று, கட்டியவரின் பெயரே. அவருடைய ஐயத்தை அறியாமை என்று தள்ளுவது அநீதியாகும்.

இந்த ஐயத்தைத் தீர்க்கச் சொற்பொழிவு உதவாது. நான்கு செங்கல் போதும். ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குலக் கனம் உள்ள கல்லை எடுத்துக்கொள்வோம். எலிப்பொறிக் கட்டில் ஒரு நெடுக்குக் கல்லும் ஒரு குறுக்குக் கல்லும் சேர்ந்து சுவரின் முகப்பில் பன்னிரண்டு அங்குல நீளத்தை, நாலரை அங்குல உயரத்தில் அடைக்கின்றன. இதற்கு உள்ளும் புறமும் இரண்டு நெடுக்குக் கற்கள், குறுக்கே ஒன்று என மூன்று கற்கள் செல்லும். அதே இடத்தைப் பொள்ளல் இல்லாமல் நிரப்பினால் நான்கு கற்கள் தேவை. சாந்தின் கனத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் மிச்சம் சரியாக நான்கில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைக் கொத்தனார் தம் கையாலேயே அடுக்கிப் பார்த்துச் சரிபார்க்கலாம். எவரையும் நம்ப வேண்டியதில்லை. நடுவில் அடைபட்ட காற்று வெயிலின் வெப்பம் உள்ளே கடத்தப்படுவதைக் குறைக்கிறது என்பதை அடுத்த சித்திரையில் வீட்டுக்காரரே உணர்ந்துகொள்வார். ஸ்ரீகாரியம் லயோலா வளாகத்தில் பேக்கர் எழுப்பிய சிற்றாலயத்தின் உயர்ந்த இரட்டைச் சுவர்கள், குறுக்குக் கற்களால் பிணைக்கப்பட்டு, கண்முன் நிற்கும் சான்று.

கான்கிரீட் கூரையிலும் இதே வழிதான். தளத்தின் மேற்பகுதி அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. கீழே கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட்டின் பெரும்பகுதி வெறும் சுமை. அந்த இடத்தில் கழித்துப் போட்ட மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து நிரப்பினால் சிமெண்டும் குறையும், தளத்தின் எடையும் குறையும், அதனால் கம்பியும் குறையும். ‘ஏன்’ என்பது விளங்கிய கொத்தனார் வேறோர் ஊரில் ஓடு கிடைக்காதபோது அங்கே கிடைக்கும் வேறு பொருளை வைத்துக் கட்டுவார். ‘எப்படி’ என்பதை மட்டும் கற்றவர் ஓடு தேடி அலைவார்.

வட்டமான சுவர்களை பேக்கர் விரும்பியதை அழகுணர்ச்சி என்று மட்டும் பலர் எண்ணினர். நூறு சதுர அடி அறையைச் சதுரமாகக் கட்டினால் நாற்பது அடிச் சுவர் வேண்டும். வட்டமாகக் கட்டினால் முப்பத்தைந்தரை அடிக்குச் சற்றே குறைவாகப் போதும். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன சுற்றளவுக் கணக்கு இங்கே ஒரு ஏழைக் குடும்பத்தின் செங்கல் செலவாகிறது. கைத்தொழிலின் வழியே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்று காந்திஜி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் பல பள்ளிகளில் ராட்டை சுற்றும் ஒரு தனிப் பாடவேளையாகச் சுருங்கிவிட்டது. அத்திட்டத்தின் உட்கருத்து திருவனந்தபுரத்துச் சுவரோரங்களில் உயிருடன் இருந்தது.

நேர்மை என்னும் பாடம்

செங்கல் சுவருக்குப் பூச்சு வேண்டாம் என்று பேக்கர் கூறியதற்குச் சிக்கனம் ஒரு காரணம். மற்றொன்று அவருடைய குவேக்கர் நம்பிக்கை. செங்கல் செங்கல்லாகவும் கல் கல்லாகவும் தெரிய வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது ஒருவகைப் பொய் என்று அவர் கருதினார். இதனைக் கற்பிப்பதில் ஒரு விளைவு உண்டு. பூசப்படும் சுவரில் கொத்தனாரின் குறைகள் மறைந்துவிடும். பூசாத சுவரில் ஒவ்வொரு வரிசையும் தூக்குக்குண்டுக்கும் ரசமட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எனவே வேலை தானாகவே நுட்பமடைந்தது. தம் கைவேலை என்றும் வெளியே தெரியும் என்ற எண்ணம் தொழிலாளியிடம் உண்டாக்கும் பெருமிதத்தை எந்த மேற்பார்வையாளராலும் உண்டாக்க முடியாது.

களத்தில் தாம் நேரில் செல்ல முடியாத இடங்களுக்காக அவர் சிறு நூல்களை எழுதினார். கட்டடச் செலவைக் குறைப்பது பற்றி, மண்ணைக் கொண்டு கட்டுவது பற்றி என அவை பல. எழுத்தும் படமும் அவர் கையாலேயே அமைந்தவை. ஒரு பக்கத்தில் வழக்கமான முறையையும் அருகிலேயே செலவு குறைந்த முறையையும் வரைந்து, இடையில் சில வரிகள் மட்டும் எழுதியிருப்பார். சில படங்களில் நகைச்சுவையும் எட்டிப்பார்க்கும்.

முறையின் எல்லை

இந்த முறையைப் போற்றும்போது அதன் எல்லையையும் சொல்வதே நியாயம். ஆசிரியர் ஒருவர், நாள்தோறும் தாமே களத்துக்குச் சென்று, ஒவ்வொரு சுவரையும் கண்ணால் பார்த்துக் கற்பிப்பது அவருடைய காலில் வலு உள்ளவரையே நடக்கும். வீடற்றோர் எண்ணிக்கையோ பெரியது. இதனை அவருடன் இருந்தவர்கள் உணர்ந்திருந்தனர். 1985இல் அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோர் பேக்கருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு என்னும் ஊரக வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கினர். அதே காலகட்டத்தில் கொல்லத்தில் மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியால் உருவான நிர்மிதி கேந்திரம் பேக்கரின் முறைகளில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. பின்னர் நாட்டின் பல மாநிலங்களில் தோன்றிய கட்டுமான மையங்களுக்கு அது முன்மாதிரி ஆயிற்று. பெண்களும் கரணை பிடிக்கக் கற்றனர். சாந்துச் சட்டி சுமப்பது மட்டுமே அவர்கள் வேலை என்ற பழைய வழக்கம் சில இடங்களிலாவது உடைந்தது.

ஆயினும் ஒரு பிழை நேர்ந்தது. பூசாத செங்கல்லும் துளைச் சுவரும் வளைந்த மூலையும் வசதி படைத்தோரிடையே ‘பேக்கர் பாணி’ என்னும் நாகரிகமாயின. தொலைவிலிருந்து விலை உயர்ந்த செங்கல்லை வரவழைத்து எளிமையான தோற்றம் தரும் வீடுகளைக் கட்டியோர் உண்டு. ஐந்து மைல் என்ற விதி போயிற்று. சாயல் மட்டும் நின்றது. இன்னொருபுறம், ‘ஏழைகளுக்கான மலிவு வீடு’ என்ற சொல்லையே பேக்கர் ஏற்கவில்லை. வீண்செலவைக் குறைப்பது எல்லோருக்கும் பொருந்தும். ஏழைக்கு மட்டும் என்று சொன்னால் ஏழையே அதை அவமானமாகக் கருதி மறுப்பான் என்று அவர் அறிந்திருந்தார். இந்த இரண்டு தவறான புரிதல்களையும் அவரால் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. எந்த ஆசிரியரின் பாடமும் இந்த ஆபத்துக்கு உட்பட்டதே. மாணவர் காரணத்தை விட்டுவிட்டு வடிவத்தை எடுத்துச் செல்லலாம்.

பேக்கர் 1989இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாலாஞ்சிறையில் பாறைச்சரிவின் மீது, பழைய வீடுகளிலிருந்து கழித்த மரத்தையும் உடைந்த ஓட்டையும் கொண்டு சிறிது சிறிதாகக் கட்டிய தம் இல்லத்தில் 2007 ஏப்ரல் 1ஆம் நாள், தொண்ணூறாவது வயதில் காலமானார்.

அவரிடம் களத்தில் பயின்றவர்களுள் ஒருவர் பென்னி குரியாகோஸ். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வளாகத்தின் தொடக்க அமைப்பை பேக்கர் வடிவமைக்க, பணியைக் களத்தில் முன்னெடுத்தவர்களில் அவரும் உண்டு. அங்குள்ள பழைய வீடுகள் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிற தென்மாநிலங்களிலிருந்தும் கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. அவற்றை மீண்டும் பொருத்தும் வேலைக்கு அந்தந்த வட்டாரத்தின் தச்சர்களும் கொத்தனார்களுமே வரவழைக்கப்பட்டனர்.